பொன்முடிப் பாதையில் பேச்சுக் கேளாத லாரி

பொன்முடிக்குச் சுற்றுலாப் போய் வந்தவர்கள் மூடுபனியைப் பற்றியும் புல்வெளியைப் பற்றியும் பேசுவார்கள். அதே பாதையில் பிழைப்புக்காக லாரி ஓட்டுகிறவர்கள் பேசுவது வளைவுக் கணக்கு. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகக் கல்லாறு வரை வண்டி சுகமாகப் போகும். கல்லாற்றைத் தாண்டியதும் மலை தொடங்குகிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனால் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்துக்கு ஏறி, அதே வளைவுகளை எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும்.

இந்தப் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு உரமும் அரிசி மளிகையும் ஏற்றிச் செல்லும் லாரியின் டிரைவர், ஆலங்குளம் பக்கத்துக்காரர். பார்சல் எடுக்க எங்கள் அலுவலகத்துக்கு வருவார். ஊர்ப் பேச்சில் தொடங்கிய பழக்கம். வயதில் மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னை விடாமல் சார் என்பார். சென்ற மழைக்காலம் முடிந்த சமயம் ஒரு நாள் அவர் முகம் சரியில்லை. என்ன என்று கேட்டேன்.

"வண்டி எம் பேச்சக் கேக்க மாட்டேங்குது சார். இடது கை வளைவுல ஒரே வெட்டுல திரும்பல. பாதியில நிறுத்தி ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கு. காலி வண்டியா எறங்கும்போது நேர் ரோட்டுலயும் அலையுது. குழியில விழுந்தா தானா இடது பக்கம் வெட்டுது. முதலாளிகிட்டச் சொன்னா, உமக்கு வயசாகிப் போச்சுங்கிறாரு."

கடைசி வார்த்தைதான் அவரை வாட்டியிருந்தது என்பது புரிந்தது. முப்பது வருடமாக ஸ்டியரிங் பிடிக்கும் கை. மகள் விதுராவில் பிளஸ் டூ படிக்கிறாள். வண்டி ஓடினால்தான் பேட்டா.

உயர்த்தியதில் வந்த வினை

விசாரித்தபோது விஷயம் வெளிவந்தது. தோட்டத்துக்குள் இருக்கும் மண் பாதை மழையில் அரித்துப்போய், லாரியின் அடிப்பாகம் பாறையில் தட்டிக்கொண்டிருந்தது. முதலாளி ஒரு பட்டறையில் விட்டு வண்டியை உயர்த்தச் சொன்னார். முன்பக்க ஸ்பிரிங்கில் பக்கத்துக்கு இரண்டு பட்டைகள் கூடுதலாகச் சேர்த்தார்கள். முன்பக்கம் சுமார் 50 மி.மீ. உயர்ந்தது. பின்பக்கம் தாழ்ந்து தெரியக்கூடாது என்று அங்கே இரும்புக் கட்டை வைத்து 110 மி.மீ. உயர்த்தினார்கள். வெளியே எடுத்து ஓட்டிப் பார்த்தபோது ஸ்டியரிங் வீல் கோணலாக நின்றது. வீலைக் கழற்றி நேராக மாட்டிக் கொடுத்தார்கள். அதன் பிறகும் குறை சொன்னதால், டிராப் ஆர்மை உலையில் காய்ச்சி வளைத்தார்கள். வேலை முடிந்தது என்று பில்லும் போட்டுவிட்டார்கள்.

ஸ்பிரிங்கைத் தொட்டால் ஸ்டியரிங் ஏன் கெட வேண்டும்? ரயில்வே குமாஸ்தாவான எனக்கு அது முதலில் விளங்கவில்லை. எங்கள் வாகனுக்கு இந்தக் கவலை கிடையாது. இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டிருக்கும். வளைவில் வழி காட்டத் தண்டவாளம் இருக்கிறது. லாரிக்குத் தண்டவாளம் இல்லை. அதன் முன் சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதுதான் அதற்குத் தண்டவாளம்.

இருநூறு வருடத்துக் கணக்கு

வளைவில் உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் போகின்றன. ஆகவே உள் சக்கரம் கொஞ்சம் அதிகமாகத் திரும்ப வேண்டும். இரண்டும் ஒரே அளவு திரும்பினால் டயர் தரையில் தேய்ந்து இழுபடும். இதற்கு வழி கண்டவர் ஜெர்மனியில் மூனிக் நகரத்துக் கோச்சு வண்டித் தச்சர் லாங்கென்ஸ்பெர்கர். 1818-ல் லண்டனில் ஆக்கர்மன் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். மோட்டார் பிறப்பதற்கு முன், குதிரை வண்டிக்காகச் செய்த கணக்கு அது. கண்டவர் ஒருவர், பெயர் மற்றொருவருக்கு. இன்றும் அதை ஆக்கர்மன் முறை என்றே சொல்கிறார்கள். நம் லாரியின் இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடும், அதன் இரு முனையிலுள்ள சாய்ந்த கைகளும் அந்தக் கணக்கின்படிதான் அமைந்திருக்கின்றன. அந்தக் கைகளை யாராவது வளைத்தால் கணக்கு போயிற்று.

இந்த ஏற்பாட்டை ஸ்டியரிங்கோடு சேர்ப்பது டிராக் லிங்க் என்ற தடி. ஸ்டியரிங் பெட்டி சட்டத்தில், அதாவது சேஸியில், பொருத்தப்பட்டிருக்கிறது. அதிலிருந்து தொங்கும் டிராப் ஆர்ம் முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்தை டிராக் லிங்க் வலது முன் சக்கரத்தின் கைக்குக் கொண்டுபோகிறது. இங்கேதான் சூட்சுமம். தடியின் ஒரு முனை சட்டத்தோடு இருக்கிறது. மறுமுனை ஆக்சிலோடு இருக்கிறது. ஸ்பிரிங்கில் பட்டை சேர்த்துச் சட்டத்தை உயர்த்தினால், ஒரு முனை மட்டும் மேலே போகிறது. தடி சரிகிறது.

நெடுமங்காட்டில் ஒரு ஞாயிறு

அண்ணாச்சி ஒரு முடிவுக்கு வந்தார். "சரி பண்ணாம எடுக்க மாட்டேன்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். மூன்று நாள் பேட்டா போயிற்று. நான்காம் நாள் முதலாளியே இறங்கி வந்து, நெடுமங்காட்டில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் வண்டியை விடச் சம்மதித்தார். அங்கே எல்லாரும் அவரை ஆசான் என்கிறார்கள். கோயம்புத்தூரில் தொழில் பழகியவர், நல்ல தமிழ் பேசுகிறார். ஞாயிற்றுக்கிழமை நானும் போய் உட்கார்ந்திருந்தேன்.

ஆசான் முதல் ஒரு மணி நேரம் ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை. "முதல்ல அளவு, அப்புறம் ஸ்பேனர்" என்றார். டயர்க் காற்றைப் பார்த்தார். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்து, கிங் பின்னிலும் பேரிங்கிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார். பையனை ஸ்டியரிங்கை மெல்ல ஆட்டச் சொல்லிவிட்டு, கீழே படுத்துப் பால் ஜாயிண்டுகளைக் கையால் தொட்டுப் பார்த்தார். தேய்ந்துபோன பாகத்தை வைத்துக்கொண்டு கோணம் பார்ப்பது, ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து கோடு போடுவது மாதிரி என்றார்.

பிறகு ஒரு சோதனை செய்தார். டிரைவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய சோதனை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, முன் சட்டத்தின் கீழ் ஜாக்கி வைத்து மெதுவாகத் தூக்கினார். டயர் தரையை விட்டு எழவில்லை, சட்டம் மட்டும் உயர்ந்தது. யாரும் தொடாமலே ஸ்டியரிங் வீல் தானாகச் சுற்றியது. "பாத்தீங்களா? குழியில விழும்போதெல்லாம் இதுதான் நடக்குது. கையில பிடிச்சிருக்கறதால வீல் சுத்தாது. அதுக்குப் பதிலா சக்கரம் திரும்பும்" என்றார். அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். தனக்கு வயதாகவில்லை என்பதற்குச் சாட்சி கிடைத்த முகம்.

மூன்று நோய், மூன்று காரணம்

இடது வளைவு ஏன் திரும்பவில்லை? ஆசான் தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டுக் காட்டினார். தடியின் நீளம் 800 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதன் இரு முனைகளுக்கும் உயர வித்தியாசம் முன்பு 150 மி.மீ. இருந்தது, இப்போது 200 ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணக் கணக்குதான். தரைமட்டத்தில் தடி எட்டும் தூரம் 786-லிருந்து 775 ஆகக் குறைகிறது. அந்த 11 மி.மீ. அளவு சக்கரத்தின் கை முன்னால் இழுபடுகிறது. கையின் நீளம் 200 மி.மீ. என்றால் சக்கரம் சுமார் 3 டிகிரி வலது பக்கம் திரும்பிவிடும். அதை நேராக்க டிரைவர் ஸ்டியரிங்கை இடது பக்கம் பிடித்திருக்க வேண்டும். அப்படியென்றால் பெட்டியின் இடது பயணத்தில் ஒரு பகுதி நேர் ரோட்டிலேயே செலவாகிவிட்டது. வளைவு வரும்போது மிச்சம் போதவில்லை.

சக்கரம் 40 டிகிரி திரும்ப வேண்டிய இடத்தில் 37 டிகிரியோடு நின்றால், 3.6 மீட்டர் வீல்பேஸ் உள்ள லாரி வெட்டும் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ அரை மீட்டர் கூடிவிடும். மைதானத்தில் அரை மீட்டர் பெரிதில்லை. நம் நாட்டில் இடது பக்கம் போகிறோம். ஆகவே இடது கொண்டை ஊசிதான் நமக்குச் சின்ன வட்டம். அதில் அரை மீட்டர் தவறினால் எதிரே வரும் அரசு பஸ்ஸின் மூக்கில் போய் நிற்போம்.

முதல் பட்டறைக்காரர் ஸ்டியரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டியது நோயை மறைத்த வேலை. சக்கரம் நேராக நிற்கும்போது பெட்டியும் தன் நடுப்புள்ளியில் நிற்க வேண்டும். அந்த நடுவில்தான் பெட்டிக்குள் ஆட்டம் மிகக் குறைவாக இருக்கும்படி செய்திருப்பார்கள். வீலை மட்டும் திருப்பி மாட்டினால் கண்ணுக்கு நேராகத் தெரியும், பெட்டி கோணலாகவே இருக்கும்.

குழியில் தானாக வெட்டியதற்குக் காரணம் தடியின் சரிவு. ஸ்பிரிங் அமுங்கும்போது ஆக்சில் ஒரு வில்லில் நகர்கிறது, தடியின் முனை இன்னொரு வில்லில் நகர்கிறது. கம்பெனிக்காரர்கள் இரண்டு வில்லும் கூடியவரை ஒத்துப்போகும்படி பெட்டியின் இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தடி அதிகமாகச் சரிந்தால் இரண்டும் பிரிகின்றன. அந்த வித்தியாசம் சக்கரத்தைத் திருப்புகிறது.

நேர் ரோட்டில் அலைந்ததற்குக் காரணம் காஸ்டர். சைக்கிளின் முன் கவட்டை சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாய்வால்தான் கையை விட்டாலும் சைக்கிள் கொஞ்ச தூரம் நேராகப் போகிறது. லாரியிலும் கிங் பின்னின் தலை சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதற்கு அந்தச் சாய்வு பெரிய காரணம். இந்த லாரியில் பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட 60 மி.மீ. அதிகமாக உயர்த்திவிட்டார்கள். 3,600 மி.மீ. நீளத்தில் 60 மி.மீ. என்றால் ஏறத்தாழ 1 டிகிரி. மொத்தமே சில டிகிரிகள் உள்ள காஸ்டரில் ஒன்று போய்விட்டது. உரம் ஏற்றி மலை ஏறும்போது பின் ஸ்பிரிங் அமுங்கி அந்தக் குறையை மறைத்தது. காலியாக இறங்கும்போது பின்பக்கம் தூக்கி நிற்கும், பிரேக் பிடித்தால் முன்பக்கம் குனியும். மிச்சமிருந்த சாய்வும் குறையும். அண்ணாச்சி சொன்னது எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது.

எப்படிச் சரி செய்தார்கள்?

ஆசான் முதலில் சேர்த்த பட்டைகளையும் பின்பக்கக் கட்டைகளையும் எடுத்துவிட்டார். பழைய ஸ்பிரிங் தளர்ந்திருந்ததால், கம்பெனி அளவுப்படி புது செட் இரண்டு பக்கமும் ஒன்றாகவே போட்டார். யூ போல்ட்டுகளைப் பழையதைப் போடாமல் புதிதாக வாங்கினார். முதல் பாரம் ஏற்றி இறங்கியதும் வந்து மறுபடி இறுக்கிக்கொண்டு போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

அடுத்து டிராப் ஆர்ம். வளைத்த ஆர்மைக் கையில் எடுத்து, "இதை இனி வாசல்ல எடைக்கல்லா வெச்சுக்கலாம்" என்றார். டிராப் ஆர்ம், ஸ்டியரிங் கை போன்றவை அடித்துச் செய்து, சூட்டுப் பதம் கொடுத்த பாகங்கள். உலையில் காய்ச்சினால் அந்தப் பதம் போய்விடும். வெளியே ஒன்றும் தெரியாது. என்றாவது ஒரு நாள் முறியும். அது நேர் ரோட்டில் நிற்கும்போது முறியாது, பாரத்தோடு வளைவில் திருப்பும்போதுதான் முறியும். வெல்டிங்கும் அப்படியே. ஸ்டியரிங் பாகத்தில் நெருப்புப் படக்கூடாது என்பது பட்டறைக்கு வேதம்.

புது ஆர்ம் மாட்டிய பிறகு பெட்டியை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுற்றி, சுற்றுகளை எண்ணி, நடுப்புள்ளியில் நிறுத்தினார். சக்கரத்தை நேராக வைத்து, அந்த நிலைக்கு ஏற்றபடி டிராக் லிங்கின் நீளத்தைச் சரிசெய்தார். அதன் பிறகே ஸ்டியரிங் வீல் அதன் பழைய அடையாளத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, சக்கரம் அச்சிலுள்ள தடுப்பில் முட்டுகிறதா, டயர் எங்கும் உரசுகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்தார். காஸ்டரை அளவுக் கருவி வைத்துப் பார்த்தார். கம்பெனி சொன்ன எல்லைக்குள் வந்துவிட்டது. கடைசியாகத்தான் டை ராடைத் தொட்டு, இரண்டு டயர்களுக்கும் முன்னால் உள்ள தூரத்தையும் பின்னால் உள்ள தூரத்தையும் அளந்து டோ இன் வைத்தார். பல பட்டறைகளில் முதலில் டை ராடைத் திருகிவிட்டு அலைன்மெண்ட் முடிந்தது என்பார்கள். ஸ்பிரிங்கால் வந்த கோளாறு டை ராடால் தீராது. டயர் தேய்வதுதான் மிச்சம்.

ஸ்பிரிங் மாற்றாமலே காஸ்டர் குறைந்திருக்கும் வண்டிகளும் உண்டு. அதற்கு இரும்பு ஆப்பு வைப்பார்கள். ஸ்பிரிங் ஆக்சிலுக்கு மேலே உட்காரும் லாரியில், காஸ்டரைக் கூட்ட ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் வர வேண்டும். மாற்றி வைத்தால் நோய் இரட்டிப்பாகும். ஷேக்கிளை நீளமாக்கி உயர்த்துவது இன்னும் மோசம். 1,200 மி.மீ. நீளமுள்ள ஸ்பிரிங்குக்கு 40 மி.மீ. நீண்ட ஷேக்கிள் போட்டால், ஆக்சில் உள்ள இடத்தில் கிடைக்கும் உயரம் 20 மி.மீ.தான், கிங் பின்னின் சாய்வோ ஏறத்தாழ 2 டிகிரி மாறிவிடும். இன்றைய லாரிகளில் பவர் ஸ்டியரிங் இருப்பதால் கைக்குக் கனம் தெரியாது. ஆகையால் கோளாறு வெகுநாள் மறைந்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டியை இஷ்டப்படி மாற்றுவது சட்டத்துக்கும் பொருந்தாது. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைப் பற்றியது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், உற்பத்தியாளர் கொடுத்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஏற்பட்டது.

இது உரிமையாளர் சமாசாரம் என்று டிரைவர் சும்மா இருந்துவிட முடியாது. அபாயமான கோளாறு இருப்பது தெரிந்தோ, சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்கக்கூடிய நிலையிலோ, பொது இடத்தில் வண்டியை ஓட்டுகிறவரும் 190-வது பிரிவின்படி குற்றவாளியே. ஓட்ட வைக்கிறவர் மட்டும் குற்றவாளி அல்ல. விபத்து நடந்த மறுநாள் பத்திரிகைச் செய்தியில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்ற இரண்டு வார்த்தைகள்தான் வரும். டிராக் லிங்கின் சரிவைப் பற்றி அதில் ஒரு வரியும் இராது.

வெளிமாநிலத்தில் பிறத்தியார் வண்டியை ஓட்டிப் பிழைக்கும் நம்மவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும். வண்டியில் வேலை நடந்து வெளியே வந்தால், முதல் நாளே காலியிடத்தில் இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். சுற்றுகள் இரண்டு பக்கமும் சமமா? வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறதா? குழியில் வெட்டுகிறதா? குறை இருந்தால் வாயால் சொன்னதோடு நிறுத்தாதீர்கள். என்ன கோளாறு, எந்தத் தேதியில் சொன்னது என்று டிரிப் நோட்டில் எழுதி, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை: உயரமான வண்டி வேண்டுமென்றால் உயரமாகவே செய்து வரும் வண்டியை வாங்குங்கள். உள்ள வண்டிக்குக் கட்டை வைக்காதீர்கள்.

பொன்முடித் தோட்டத்தில் கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? பாறை தட்டிய இடங்களில் சில லோடு ஜல்லி கொட்டிப் பாதையைச் சமப்படுத்தினார்கள். அதற்கு ஆன செலவு, பட்டறைகளுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. முதலிலேயே அதைச் செய்திருக்கலாம்.

சென்ற வாரம் அண்ணாச்சி பார்சல் எடுக்க வந்தார். வண்டி எப்படி என்று கேட்டேன். "இருவத்திரெண்டும் ஒரே வெட்டு சார்" என்றார். அந்த மூன்று நாள் பேட்டா கிடைத்ததா என்று கேட்டேன். அதற்கு மட்டும் பதில் சொல்லாமல், ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.